மண்டபச் சாப்பாடா, வெளிச் சமையலா?

கல்யாணத் திகதி முடிவானதும் வீட்டில் அடுத்த பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான். மன்னார் நகரில் மண்டபம் பார்க்கப் போனால், "சாப்பாட்டையும் எங்ககிட்டயே எடுங்க, வெளியாள் சமைக்க இடம் குடுக்கிறல்ல" என்பார் மண்டபக்காரர். புத்தளத்தில் இருக்கிற மாமா போனில், "மண்டபத்துச் சாப்பாடு வேணாம் மருமகன், நம்மட சமையல்காரரை நான் கூட்டிட்டு வாறன்" என்பார். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. எந்தக் கல்யாணத்துக்கு எது பொருந்தும் என்பதைக் கொண்டச்சியை வைத்தே பார்ப்போம்.

கொண்டச்சி முசலிப் பிரதேசத்துக் கடலோர ஊர். சிலாவத்துறைக்குத் தெற்கே, மறிச்சுக்கட்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது. மன்னார் நகருக்குப் போவதென்றால் அரிப்புப் பக்கம் வந்து அருவியாற்றைக் கடக்கவேண்டும். ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவைப்பது நல்லது. கொழும்பிலோ கண்டியிலோ கல்யாணம் செய்கிறவர்கள் மண்டபச் சாப்பாட்டையும் வெளிச் சாப்பாட்டையும் விலையையும் ருசியையும் வைத்து ஒப்பிட்டால் போதும். கொண்டச்சிக்காரருக்கு அது போதாது. இங்கே ஒன்று சாப்பாடு பயணம் செய்யவேண்டும், அல்லது ஆட்கள் பயணம் செய்யவேண்டும். மற்றக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில், 'மண்டபச் சாப்பாடு' என்று ஒரே பேரில் சொல்லப்படுவது ஒரே விஷயமல்ல. சில மண்டபங்களுக்குச் சொந்தச் சமையலறையும் சம்பளத்துக்குச் சமையல்காரர்களும் உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய சோறு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேசைக்கு வரும். சில மண்டபங்கள் ஒரு கேட்டரிங்காரரோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். அவர் வேறெங்கோ சமைத்து வானில் ஏற்றிக்கொண்டு வருவார், மண்டபத்துக்கு ஒரு பங்கு போகும். இந்த இரண்டாவது வகையில் நீங்கள் எடுப்பதும் வெளிச் சாப்பாடுதான். ஆளை மட்டும் மண்டபக்காரர் தெரிவுசெய்துவிட்டார். ஆகவே மண்டபத்தின் மின்விளக்கையும் கதிரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், சமையலறையைக் காட்டச் சொல்லுங்கள். அடுப்பு எத்தனை, தண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரிது, இறைச்சி வைக்கிற குளிர்ப்பெட்டி வேலை செய்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் சாப்பாடு எடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விலைக்கு வருவோம். மண்டபக்காரர் ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகை, கடைசியில் கையில் வரும் பில்லின் தொகை அல்ல. உதாரணத்துக்கு ஆளுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம் சேரும். மண்டபம் பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்த நிறுவனமானால் 18 வீதம் வரி சேரும். 2024 ஜனவரியிலிருந்து அதுதான் வீதம். இரண்டும் சேர்ந்தால் ஆளுக்கு 3,200 ரூபாய்க்குக் குறையாது. முந்நூறு பேருக்கு ஏழரை இலட்சம் என்று மனத்தில் போட்ட கணக்கு, ஒன்பது இலட்சத்து அறுபதாயிரத்துக்குக் குறையாமல் போய் நிற்கும். எனவே விலை கேட்கும்போதே, "வரியும் சேவைக் கட்டணமும் எல்லாம் உட்பட எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையை எழுதி வாங்குங்கள்.

வெளிச் சமையல்காரரின் கணக்கு வேறு மாதிரி. சாமான் நீங்கள் வாங்கிக் கொடுத்து அவர் கூலிக்குச் சமைப்பது ஒரு வகை. சாமானும் கூலியும் சேர்த்து, பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெருந்தட்டான சஹனுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தமாகப் பேசுவது இன்னொரு வகை. முதலாவது மலிவாகத் தெரியும். ஆனால் விறகு, வாடகைக் கிடாரங்கள், பந்தல், பரிமாறும் ஆட்கள், தண்ணீர், அள்ளிக் கழுவி ஒதுக்கும் வேலை எல்லாம் உங்கள் தலையில் விழும். அவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் மண்டப விலையோடு நேராக ஒப்பிடமுடியும். வெளிச் சமையலுக்கு இடம் கொடுக்கும் மண்டபங்களிலும் சமையலறையைப் பாவிக்க, குப்பை அள்ள என்று தனியாகக் காசு வாங்குவது வழக்கம். அதையும் முதலிலேயே கேட்டுவிடவேண்டும்.

இனி ஆட்கணக்கு. நம்முடைய பகுதியில் மிகவும் சிக்கலான இடம் இதுதான், காரணமும் பலருக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது முசலி ஊர்களின் சனங்களும் வெளியேறிப் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் தஞ்சம் புகுந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு மீள்குடியேற்றம் நடந்தாலும் எல்லோரும் முழுதாகத் திரும்பிவிடவில்லை. இன்றும் ஒரே குடும்பத்தில் அண்ணன் கொண்டச்சியில், தம்பி புத்தளத்தில், தங்கை வேறொரு ஊரில். கல்யாணத்துக்கு அங்கிருந்து ஒரு பஸ் வருமா, மூன்று பஸ் வருமா என்று முதல் நாள் வரை சொல்லமுடியாது. வில்பத்துக் காட்டு வழியை எப்போதும் நம்பமுடியாது; அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி வந்தால் பல மணி நேரம் பிடிக்கும். மாரிகாலத்தில் அருவியாறு பெருகினால் மன்னார்ப் பக்கத்து ஆட்களும் தாமதிப்பார்கள்.

மண்டபங்கள் குறைந்தபட்ச ஆட்கணக்கு ஒன்றை வைக்கும். 300 என்று கையெழுத்திட்டால், 220 பேர் வந்தாலும் 300 பேருக்குக் காசு. 380 பேர் வந்தாலோ மேலதிக 80 பேருக்குச் சாப்பாடு இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஊரில் கிடாரம் வைத்துச் சமைக்கும்போது இந்த நெருக்கடி குறைவு. ஆட்கள் கூடினால் இன்னொரு அடுப்பு மூட்டலாம்; இறைச்சிக் கறி குறைந்தாலும் பருப்பும் சம்பலும் கூட்டிச் சமாளிக்கலாம். ஆட்கணக்கு உறுதியில்லாத கல்யாணம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஊர்ச் சமையலைச் சொல்வேன்.

சஹன் சாப்பாட்டுக்குக் கணக்கே வேறு என்பதையும் மண்டபக்காரருக்கு விளக்கவேண்டும். இலங்கை முஸ்லிம் கல்யாணங்களில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருப்பது வழக்கம். ஒரு சஹனைக் கிட்ட இருந்து பாருங்கள்: நடுவில் குவித்த பிரியாணியோ நெய்ச்சோறோ, அதன்மேல் கோழித் துண்டங்கள், ஓரங்களில் மாட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அச்சாறு, புதினாச் சம்பல், பின்னால் வட்டிலப்பம். முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை அரிசி ஒரு சஹனுக்குப் பிடிக்கும். ஆறு பேர் இருக்கவேண்டிய இடத்தில் நாலு பேர் இருந்தாலும் சஹன் முழுதாகத்தான் வைக்கப்படும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம், சிறு பிள்ளைகள் தாயோடு, வயோதிபர்களுக்குக் கதிரை மேசை. இப்படிப் பிரியும்போது 600 பேருக்கு 100 சஹன் என்ற வகுத்தல் கணக்கு நடைமுறையில் நிற்காது. பத்துப் பன்னிரண்டு சஹனாவது கூடுதலாக வைத்துத்தான் அனுபவமுள்ள சமையல்காரர்கள் பேசுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பேசுகிற மண்டபத்தில், குறைவாக ஆள் இருந்த சஹனுக்கு நாலு பேர் காசா ஆறு பேர் காசா என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். பஃபே வைக்கும் மண்டபமானால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டி வரும். அது அவர்களுக்குக் கௌரவமாக இருக்காது, பார்க்கிற நமக்கும் மனம் பொறுக்காது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் நேரம். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிமுறைகளில் இரண்டு எண்கள் கல்யாண வீட்டுக்கு முக்கியமானவை. சமைத்த உணவு பரிமாறும்வரை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். வெளி வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். 'நன்றாகக் கொதித்த கறி, அதில் என்ன கிருமி?' என்று கேட்பார்கள். இறைச்சியில் வரும் சிலவகைக் கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அறுபது எழுபது கிலோ மாட்டிறைச்சிக் கறி ஒரே கிடாரத்தில் இருந்தால் அதன் நடுப்பகுதி மிக மெதுவாகத்தான் ஆறும். மேலே கை வைத்தால் ஆறியதாகத் தெரியும். உள்ளே மணிக்கணக்காக இளஞ்சூடு நிற்கும். அந்த இளஞ்சூட்டில் வித்துகள் முளைத்துப் பெருகும். சோற்றிலும் அதே கதைதான். சமைத்து நெடுநேரம் வைத்த சோற்றில் உண்டாகும் ஒருவகை நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டால் ஒரு கூட்டமே வயிற்றால் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற சம்பவங்களின் பின்னால் பெரும்பாலும் சமைத்ததற்கும் பரிமாறியதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளிதான் இருக்கும்.

கொண்டச்சிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மன்னார் நகரிலோ புத்தளத்திலோ சமைத்து இங்கே கொண்டுவருவதென்றால், பகல் ஒரு மணிச் சாப்பாட்டுக்கு அடுப்பிலிருந்து எத்தனை மணிக்கு இறக்கவேண்டும்? நிக்காஹ் பிந்தும், பஸ் பிந்தும், போட்டோக்காரர் பிந்துவார். காலை எட்டு மணிக்கு இறக்கிய கறி இரண்டு மணிக்கு வாய்க்கு வரும். ஆறு மணி நேரம். அதனால் ஊரில் நடக்கும் கல்யாணத்துக்குத் தூரத்திலிருந்து சமைத்த சாப்பாட்டை வாகனத்தில் வரவழைக்கவேண்டாம். சமையல்காரரை வரவழையுங்கள், சாமானை வரவழையுங்கள், அடுப்பை இங்கே மூட்டுங்கள். வெறும் மணற்பரப்பில் பெருங்கூட்டத்துக்குச் சமைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலங்களில் கொண்டச்சிக் குடாவில் ஆயிரக்கணக்கானோர் கூடித் தற்காலிக ஊரே எழும்பியதை ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார்.

வட்டிலப்பத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, மேலே கஜு. கஜுவுக்கு நமக்குக் குறையில்லை, கொண்டச்சியிலேயே அரச மரமுந்திரிகைத் தோட்டம் இருக்கிறது. ஆனால் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பண்டம் நம்முடைய வெயிலில் சீக்கிரம் கெடும். முதல் நாளே அவித்தால் அது இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டும். நூறு சஹனுக்கான வட்டிலப்பத் தட்டுகள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் அடங்காது. ஐஸ் போட்ட பெரிய பெட்டிகளைச் சிலாவத்துறை மீன் வாடிகளில் இரவல் கேட்கலாம் என்று யோசிக்கிறவர்கள் உண்டு. மீன் வாடை ஏறாமல் நன்றாகக் கழுவி உலர்த்தினால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம். மண்டபத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே நல்ல குளிரறை இருந்தால்.

தண்ணீரையும் மறக்கவேண்டாம். மன்னார்க் கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரில் சோறு வெந்தால் ருசியே மாறிவிடும். ஆளுக்கு ஐந்து லீற்றர் என்று வைத்தாலும் 600 பேருக்கு 3,000 லீற்றர். பவுசர் ஒன்றை முதல் நாள் பின்னேரமே பேசி வைக்கவேண்டும். குடிக்கிற தண்ணீரும் கை கழுவுகிற தண்ணீரும் தனித்தனித் தாங்கியில் இருக்கட்டும். ஊரில் பெரிய சமையல் என்றால் சிலாவத்துறைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு சொல் சொல்லி வைத்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரையும் சமையல் இடத்தையும் பார்த்து ஆலோசனை சொல்வார். இதைக் குற்றம் பிடிக்கிற ஆளைக் கூப்பிடுவதாக நினைக்கக்கூடாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு அது, நம்முடைய விருந்தாளிகளுக்காகத்தான்.

ஹலால் விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். மண்டபத்தில் வேறு நாட்களில் என்ன சமைப்பார்கள், இறைச்சி எங்கே வாங்குவார்கள், பாத்திரங்கள் தனியா என்று கேட்டால் நல்ல மண்டபக்காரர் கோபிக்கமாட்டார். அவருக்கு எல்லாச் சமூகத்தாரும் வாடிக்கையாளர்கள். திருப்தியான பதில் வராவிட்டால், மண்டபத்தை மட்டும் எடுத்து நம் சமையல்காரரை அங்கேயே சமைக்க அனுமதி கேட்கலாம். மண்டபச் சாப்பாடுதான் என்று வற்புறுத்துகிறவர்களில் பலர், கட்டணம் ஒன்றைப் பேசிக்கொண்டு இதற்குச் சம்மதிப்பார்கள்.

மறுபக்கத்தையும் நினைக்கவேண்டும். அரிப்பிலிருந்தும் வங்காலையிலிருந்தும் கத்தோலிக்க நண்பர்கள் வருவார்கள், நானாட்டான் பக்கத்திலிருந்து சைவக்காரரும் வருவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் தனிக் கரண்டி, தனிப் பாத்திரம், தனி அடுப்பு. அவர்களுக்கென்று ஒரு மேசையை ஒதுக்கி, வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்து கவனித்தால், அந்த உறவு இன்னும் இருபது வருசத்துக்கு நிற்கும். மண்டபச் சமையலறைகள் மரக்கறிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் நன்றாகச் செய்யும்; இந்த விஷயத்தில் அவர்களுக்குத்தான் பழக்கம் அதிகம்.

பாதியை மண்டபத்திலும் பாதியை வெளியிலும் எடுப்பதை நான் விரும்புவதில்லை. 'பிரியாணி நம்ம ஆள், மற்றதெல்லாம் மண்டபம்' என்று பேசும்போது சிக்கனமாகத் தோன்றும். யாருக்காவது வயிற்றுக்குச் சரியில்லாமல் போனால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். பரிமாறும் ஆட்களும் யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். வட்டிலப்பம், ஐஸ்கிரீம் போன்ற இனிப்புகளை மட்டும் வெளியில் எடுப்பதில் தவறில்லை.

கையெழுத்திடும் பேப்பரில் விலை எந்தத் திகதிவரை செல்லும் என்று இருக்கவேண்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை போனது. அந்த வருடத் தொடக்கத்தில் பேசிய விலைக்கு அதே சாப்பாட்டைக் கொடுக்க எந்தச் சமையல்காரராலும் முடிந்திருக்காது. இப்போது அவ்வளவு கொந்தளிப்பு இல்லையென்றாலும், ஆறு மாதத்துக்கு முன்னால் பேசுகிறவர்கள் விலை கூடினால் எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வைத்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது. கொரோனாக் காலத்தில் கல்யாணங்கள் தள்ளிப்போனபோது முற்பணத்துக்காக நடந்த இழுபறிகளை ஊரில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளமோ மரணமோ வந்து திகதி மாறினால் முற்பணம் புதிய திகதிக்குச் செல்லுமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு மத்தியஸ்த சபையில் போய் நிற்கவேண்டி வரும். வாக்குக் கொடுத்ததைத் தராத வியாபாரியைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லும் பேப்பரும்தான்.

ஆக, என்னிடம் கேட்டால்: கல்யாணம் ஊரில், வீட்டு வளவிலோ மைதானத்திலோ என்றால் வெளிச் சமையல்காரர், இங்கேயே அடுப்பு. கல்யாணம் மன்னாரிலோ புத்தளத்திலோ உள்ள மண்டபத்தில், ஆட்கணக்கும் ஓரளவு உறுதி, அங்கே சொந்தச் சமையலறையும் இருக்கிறது என்றால் மண்டபச் சாப்பாடு. மண்டபம் வேறெங்கோ சமைத்துக் கொண்டுவருகிறது என்றால், அந்த ஆளை நீங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேளுங்கள்.

எதை எடுத்தாலும் அன்றைய நாளில் பெண்ணின் வாப்பாவோ மாப்பிள்ளையின் வாப்பாவோ சமையல் பக்கம் எட்டிப் பார்க்கமுடியாது. சாச்சாவோ மச்சானோ, கணக்கும் பொறுமையும் உள்ள ஒருவரிடம் அந்தப் பொறுப்பை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். இறக்கிய நேரத்தை அவர் பென்சிலால் எழுதட்டும், வைத்த சஹன்களை எண்ணட்டும். கடைசிப் பந்தி எழும்பியதும் மிச்சச் சாப்பாட்டில் சூடாக இருப்பதை உடனே பகிர்ந்து அனுப்பவும், நேரம் கடந்ததைக் கொட்டிவிடவும் அவருக்கு அதிகாரம் இருக்கட்டும். மீதிப் பணமும் அவர் கையாலேயே, எண்ணிய சஹன் கணக்கை வைத்துக் கொடுக்கப்படட்டும்.